சத்னம் சிங் போகாத கல்லூரி

தோல் வட்டாரம் என்று பெயர்தான்; நம் பிள்ளைகள் பாஸ்கட்பால் ஆடுவதோ ரப்பர் பந்தில். பள்ளிக்கூடத்து சிமென்ட் கோர்ட்டில் தோல் பந்தைத் தட்டினால் சில வாரங்களில் மேல் உரிந்து பந்து பாழாகிவிடும். தோல் பந்து உள்ளரங்க மரத்தரைக்கு உரியது. ராணிப்பேட்டையில் டேனரியைத் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. மரத்தரை போட்ட கோர்ட்டுக்குத்தான் அலைய வேண்டும்.

அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் இன்றைக்கும் மாட்டுத்தோல் பந்துதான். சிகாகோவில் நூறாண்டு தாண்டிய ஹார்வீன் டேனரி அதற்கான தோலைப் பதனிட்டுக் கொடுக்கிறது. 2006-இல் செயற்கை இழைப் பந்து ஒன்றைக் கொண்டுவந்து பார்த்தார்கள். விரல் நுனி வெட்டுகிறது, வியர்வை பட்டால் வழுக்குகிறது என்று ஆட்டக்காரர்கள் சண்டைக்கு நின்றார்கள். 2007 ஜனவரி 1 முதல் தோல் பந்து திரும்ப வந்துவிட்டது. வாலாஜா ரோட்டில் இனிப்பு கொடுத்துக் கொண்டாடியிருக்க வேண்டிய செய்தி. யாரும் கொண்டாடியதாகத் தெரியவில்லை.

அந்தப் பந்து உருளும் மேடைக்கு இந்தியாவில் பிறந்த ஒருவருக்கு முதன்முதலாக அழைப்பு வந்தது 2015 ஜூன் 25 இரவு. இடம், நியூயார்க்கின் புரூக்ளின். முப்பது அணிகள், இரண்டு சுற்று, மொத்தம் 60 பெயர்கள். என்.பி.ஏ. டிராஃப்ட் என்பது அவ்வளவுதான். ஆனால் அந்த 60-க்குள் வர உலகம் முழுக்கப் பையன்கள் உயிரைக் கொடுக்கிறார்கள். டல்லாஸ் மேவரிக்ஸ் அணி 52-ஆவதாகக் கூப்பிட்ட பெயர் சத்னம் சிங் பமரா. ஊர், பஞ்சாப் மாநிலம் பர்னாலா மாவட்டத்தின் பல்லோ கே என்ற சிற்றூர். வயது 19. உயரம் 7 அடி 2 அங்குலம்.

ஏழு ஆண்டு கழித்து, 2022 ஏப்ரல் 13 அன்று, அதே சத்னம் அமெரிக்க டிவியில் தோன்றினார். கையில் பந்து இல்லை. ஏ.இ.டபிள்யூ. மல்யுத்த நிகழ்ச்சியில் சமோவா ஜோ என்ற பிரபல மல்லரை அடித்துப் போடுவது அன்று அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. இடைப்பட்ட ஆண்டுகளில் என்.பி.ஏ. லீகில் அவர் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை பூஜ்யம்.

இந்தச் சரிவுக்குப் பலர் பல காரணம் சொல்கிறார்கள். கால் வேகம் போதாது என்கிறார்கள், ஆட்டத்தின் போக்கே மாறிவிட்டது என்கிறார்கள், ஊக்கமருந்து விவகாரத்தைச் சொல்கிறார்கள். ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் நடந்த ஒன்றைத்தான் நான் முதலில் வைப்பேன்: அவர் கல்லூரிக்குப் போகவில்லை.

லூதியானாவில் ஒரு தெற்கத்தி வாத்தியார்

சத்னத்தின் அப்பா பல்பீர் சிங்கும் ஏழடிக்கு மேல். இளவயதில் அவரையும் பாஸ்கட்பால் ஆடச் சொல்லியிருக்கிறார்கள். வயலைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அவருடைய அப்பா தடுத்துவிட்டார். தனக்குக் கிடைக்காததை மகனுக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று பல்பீர் நினைத்திருக்க வேண்டும். பத்து வயதை ஒட்டிய பையனை லூதியானா பாஸ்கட்பால் அகாடமியில் கொண்டுபோய் விட்டார்.

அங்கே பயிற்சியாளர் சங்கரன் சுப்ரமணியன். பெயரைப் பார்த்தாலே தெற்கத்தி ஆள் என்று தெரிந்துவிடும். பஞ்சாபிப் பையன்கள் உயரத்தோடு பிறந்துவிடுகிறார்கள்; அந்த உயரத்தை எங்கே நிறுத்துவது, காலை எப்படித் திருப்புவது, தோளுக்கு மேல் வரும் பந்தை எந்தக் கையால் வாங்குவது என்பதையெல்லாம் யாராவது சொல்லிக்கொடுத்தாக வேண்டும். ஏழடியாள் ஒருவனுக்குக் கால்வேலை கற்றுக்கொடுப்பது சாதாரணக் காரியமில்லை. உடம்பு மாதாமாதம் வளர்ந்துகொண்டே போகும். போன மாதம் பழகிய அளவு இந்த மாதம் பொய்யாகிவிடும். லூதியானாவிலிருந்து இந்திய அணிக்குப் போன உயரக்காரர்கள் பலர் அவர் கையில் வளர்ந்தவர்கள். சத்னம் டிராஃப்டில் தேர்வான இரவைப் பார்க்க அவர் இல்லை. அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

இந்தப் பையனின் ஷூ அளவு அமெரிக்கக் கணக்கில் 20-க்குக் குறையாது. ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சைஸுக்கும் லாஸ்ட் என்ற கால் அச்சு ஒன்று வேண்டும், மேல்பாகமான அப்பரை வெட்ட ஒரு டை வேண்டும். ஏற்றுமதி ஆர்டரில் பத்தும் பதினொன்றும் ஓடிக்கொண்டிருக்கும்போது 20-க்கு யார் லாஸ்ட் செய்து வைப்பார்கள்? 2024 டிசம்பரில் நம் பனப்பாக்கம் சிப்காட்டில் தைவானின் ஹாங் ஃபூ நிறுவனம் விளையாட்டுக் காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. உலகத்துக்கே இங்கிருந்து ஸ்போர்ட்ஸ் ஷூ போகப்போகிறது என்றார்கள். நல்ல காரியம். அதைப் போட்டுக்கொண்டு ஓட இங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

ஆங்கிலத்தில் விழுந்த ஃபவுல்

2010-இல் ஐ.எம்.ஜி. ரிலையன்ஸ் நிறுவனம் இந்தியப் பிள்ளைகள் சிலரைத் தேர்ந்தெடுத்து ஃபுளோரிடா மாநிலத்தின் பிராடென்டன் நகரிலுள்ள ஐ.எம்.ஜி. அகாடமிக்கு அனுப்பியது. பாஸ்கட்பாலில் நான்கு பையன்கள், நான்கு பெண்கள். அதில் ஒருவர் சத்னம், வயது 14. வீட்டில் பஞ்சாபி, பள்ளியில் பஞ்சாபி. இப்போது வகுப்பிலும் ஆங்கிலம், கோர்ட்டிலும் ஆங்கிலம், சாப்பாட்டு வரிசையிலும் ஆங்கிலம். 15 வயதில் இந்திய சீனியர் அணிக்காக 2011 ஆசியப் போட்டியில் ஆடியவர், அல்ஜீப்ரா வகுப்பில் திணறினார்.

அமெரிக்காவில் பாஸ்கட்பால் படிப்போடு பின்னிக் கிடக்கிறது. என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் முதல் பிரிவில் ஆட வேண்டுமானால் பள்ளியில் 16 முக்கியப் பாடங்களைத் தேறியிருக்க வேண்டும், சராசரி மதிப்பெண் வேண்டும், அந்நாளில் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் வேண்டும். ஏழடி இரண்டங்குலம் என்பதற்காக யாரும் சலுகை காட்டுவதில்லை. ஏறக்குறைய ஐந்து ஆண்டு ஃபுளோரிடாவில் இருந்தும் சத்னத்தால் அந்தத் தகுதியை எட்ட முடியவில்லை. கல்லூரிக் கதவு மூடிக்கொண்டது. மிச்சம் இருந்த ஒரே வழி டிராஃப்ட். பள்ளியிலிருந்து நேராக, கல்லூரியிலோ வெளிநாட்டு லீகிலோ ஓர் ஆட்டம்கூட ஆடாமல் ஒருவர் டிராஃப்டில் தேர்வானது 2005-க்குப் பிறகு அதுவே முதல்முறை. பத்திரிகைகள் அதைச் சாதனையாக எழுதின. வேறு வழியில்லாமல் குதித்தவன் என்று ஒருவரும் எழுதவில்லை.

கல்லூரி அணி என்ன தரும் என்று கேட்கலாம். ஒரு பருவத்துக்கு முப்பது ஆட்டங்களுக்கு மேல் தரும். பதினெட்டு வயதில் தோற்கும்போது தட்டிக்கொடுக்க ஒரு பயிற்சியாளர் இருப்பார். பிழைப்பு அந்தத் தோல்வியில் தொங்காது. உடம்பைச் செதுக்க நேரம் கிடைக்கும். தொழில்முறை அணியில் இது எதுவும் கிடையாது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்தவன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பான். ஆடத் தெரிந்தவனுக்குத்தான் நேரம்.

இரண்டாம் சுற்றில் தேர்வானவருக்கு ஒப்பந்தம் உறுதி கிடையாது. மேவரிக்ஸ், சத்னத்தைத் தன் கிளை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸுக்கு அனுப்பியது. டி-லீக் என்று அப்போது பெயர், இன்று ஜி லீக். 2016-17 பருவத்தில் அந்த லீகின் அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 19,000 அல்லது 26,000 டாலர். அதே ஆண்டு என்.பி.ஏ. அணியில் புதிதாகச் சேர்ந்தவரின் குறைந்தபட்சச் சம்பளமே ஐந்து லட்சம் டாலருக்கு மேல். ஒரே ஆட்டம், ஒரே பந்து. கிளை அணிச் சம்பளம் அமெரிக்காவில் கைக்கும் வாய்க்குமாக ஓடும் பணம். இரண்டு பருவம் பெரும்பாலும் பெஞ்சிலேயே கழிந்தது.

காலமும் அவருக்கு எதிராக இருந்தது. 2015-இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் சாம்பியனானது. அந்த அணியின் ஸ்டீபன் கரி எட்டத்திலிருந்து மூன்று புள்ளி எறிய எறிய, ரிங்குக்கு அடியில் மரம் மாதிரி நிற்கும் போஸ்ட் ஆட்டக்காரனின் மவுசு குறைந்துகொண்டே வந்தது. உயரக்காரனும் ஓட வேண்டும், வெளியே வந்து தடுக்க வேண்டும், தானும் தூரத்திலிருந்து எறிய வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். சத்னம் பழைய பாடத்தில் தேறி வந்தபோது தேர்வுத் தாள் மாறியிருந்தது. 2016-இல் அவரைப் பற்றி 'ஒன் இன் எ பில்லியன்' என்ற ஆவணப்படம் வந்தது. படம் ஓடிய வேளையில் படத்தின் நாயகன் டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில் வார்ம்-அப் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

ஊருக்குத் திரும்பினால் ஆட இடம் இருந்ததா? 2015 மார்ச்சில் இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனத்துக்கு இரண்டு தேர்தல் நடந்து இரண்டு தலைவர்கள் வந்தார்கள்: பெங்களூருவில் கோவிந்தராஜ், புனேயில் பூனம் மகாஜன். எது அசல் என்று தீர்வதற்குள் ஆட்டக்காரர்கள் தவித்துப்போனார்கள். சர்வதேச அமைப்பு கோவிந்தராஜ் தரப்பை ஏற்றது. யு.பி.ஏ. என்ற தனியார் லீக் 2015-இல் தொடங்கியது. நம் சென்னை ஸ்லாம் அணியும் அதில் உண்டு. 2017-க்குப் பிறகு அது காணாமல் போனது. சத்னம் இந்திய அணிக்கு ஆடினார். 2018-இல் கனடாவின் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணியில் சேர்ந்தார். தொழில்முறை ஆட்டம்தான், ஆனால் நியூஃபவுண்ட்லாந்து என்பது அட்லாண்டிக்கின் ஓரத்தில் பனிக்காற்று அடிக்கும் ஒரு தீவு. பர்னாலாவிலிருந்து அங்கே போனதில் ஏற்றம் எவ்வளவு, இறக்கம் எவ்வளவு என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

2019-இல் தெற்காசிய விளையாட்டுக்கான பெங்களூரு முகாமில் எடுத்த சோதனையில் ஹைஜினமைன் என்ற பொருள் அவர் உடம்பில் இருப்பதாக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை சொன்னது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். விசாரணைக்குப் பின் 2020 டிசம்பரில் இரண்டு ஆண்டுத் தடை, 2019 நவம்பர் 19-இலிருந்து கணக்கு. ஹைஜினமைன் சில செடிகளிலேயே இருக்கும் சரக்கு. சத்து மாவு, எடைக் குறைப்பு மாத்திரை என்று விற்கும் டப்பாக்களில் கலந்து வருவதுண்டு. தெரிந்து தின்றாரா, தெரியாமல் தின்றாரா என்பதற்குள் நான் போகவில்லை. ஆட்டக்காரனின் உடம்புக்குள் போகும் எதற்கும் அவனே பொறுப்பு என்பது விதி. ராணிப்பேட்டை முத்துக்கடைப் பக்கத்து ஜிம்மில் பெயர் தெரியாத பவுடர் வாங்கும் காலேஜ் பையன்கள் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது இரண்டாம் முறை படிக்கலாம்.

தடை முடியும் முன்பே, 2021 செப்டம்பரில், ஏ.இ.டபிள்யூ. மல்யுத்த நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. அதைக் கேலி செய்து எழுதினவர்கள் உண்டு. எனக்குக் கேலி வரவில்லை. ஏழடி உடம்புக்கு அமெரிக்காவில் நல்ல சம்பளம் தரும் வேலை இரண்டு இருக்கிறது. ஒன்று கைநழுவிப் போனால் மற்றதைப் பிடிப்பதில் என்ன தப்பு?

போனவர்கள்

கல்லூரிக்குப் போயிருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமா என்று நீங்கள் மடக்கலாம். சிம் புல்லர் போனார். கனடாவில் பிறந்த பஞ்சாபி வம்சத்தவர், 7 அடி 5 அங்குலம். நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் இரண்டு ஆண்டு ஆடி, 2013, 2014 இரண்டிலும் அவர்கள் வட்டார லீக் போட்டித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். 2014 டிராஃப்டில் எந்த அணியும் அவரைத் தொடவில்லை. 2015 ஏப்ரலில் சாக்ரமென்டோ கிங்ஸ் பத்து நாள் ஒப்பந்தம் கொடுத்தது. இந்திய வம்சாவளியில் என்.பி.ஏ. கோர்ட்டில் இறங்கிய முதல் ஆள் அவர்தான். முதல் ஆட்டம் 16 விநாடி. மொத்தம் மூன்று ஆட்டம்.

ஆக, கல்லூரி என்.பி.ஏ.வுக்கு உத்தரவாதம் தரவில்லை. ஆனால் புல்லருக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். தைவானில் ஆடினார், ஆசியாவின் வேறு லீகுகளிலும் ஆடினார். பாஸ்கட்பாலிலேயே சோறு சாப்பிட்டார். முந்நூறு பேர் பார்த்தாலும் முப்பதாயிரம் பேர் பார்த்தாலும் தன் ஆட்டத்தை ஆடத் தெரிந்தவராக அவரை ஆக்கி அனுப்பியது அந்த இரண்டு ஆண்டுகள்தான் என்று நினைக்கிறேன்.

நம் பக்கம் கீது அன்னா ஜோஸ் இருக்கிறார். கோட்டயத்துப் பெண், ஆறடி இரண்டங்குலம், முதலில் வாலிபால் ஆடியவர். சென்னையில் தெற்கு ரயில்வே அணியின் தூண். 2006 முதல் 2008 வரை ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். 2011-இல் சிகாகோ ஸ்கை, லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்பார்க்ஸ், சான் அன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸ் என்று மூன்று டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வுக்குப் போனார். ஒப்பந்தம் கிடைக்கவில்லை. திரும்பி வந்து ரயில்வே பனியனை மாட்டிக்கொண்டார். 2014-இல் அர்ஜுனா விருது. சத்னத்துக்கு இல்லாத ஒன்று கீதுவுக்கு இருந்தது: தோற்றுத் திரும்பி வந்தால் உட்கார ஒரு நாற்காலி.

அதே ரயில்வேயில்தான் சென்னையின் அனிதா பால்துரையும். 19 வயதில் இந்திய அணித் தலைவி. 18 ஆண்டு இந்திய அணியில். குழந்தை பெற்றுத் திரும்பி வந்து, 2017-இல் பெங்களூருவில் ஆசியக் கோப்பை 'பி' பிரிவை வென்ற அணியில் ஆடினார். இறுதியாட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று வென்றார்கள். 2021-இல் பத்மஸ்ரீ. இந்தியாவில் 'புரொஃபஷனல்' பாஸ்கட்பால் என்றால் நடைமுறையில் இதுதான்: ரயில்வே, வங்கி, வருமான வரித்துறை. காலையில் கையெழுத்து, மாலையில் கோர்ட்.

கோட்டா என்னும் கரை

நம் வட்டாரத்தில் சில கல்லூரிகள் வந்ததே தோல் வியாபாரிகள் தயவில்தான். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரிக்கு நூறு வயது தாண்டிவிட்டது, 1919-இல் தொடங்கியது. மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965-இல் வந்தது. அது தாங்கி நிற்பதும் ஒரு தோல் வியாபாரியின் பெயர். வேலூரில் அமெரிக்க ஆற்காடு மிஷன் வளர்த்த வூரீஸ் கல்லூரி இருக்கிறது. பாஸ்கட்பாலே மிஷன்காரர்களும் ஒய்.எம்.சி.ஏ.வும் கொண்டுவந்த ஆட்டம். ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்து வந்த பி.டி. மாஸ்டர்கள் வழியாக ஊர் ஊராக இந்த ஆட்டம் பரவியது.

பி.டி. மாஸ்டர் கண்ணில் உயரமான பையன் பட்டுவிட்டால் விடமாட்டார். "தம்பி, சாயங்காலம் கோர்ட்டுக்கு வா." அங்கிருந்து பாதை தெரிந்ததுதான். மாவட்டம், விளையாட்டு விடுதி, கல்லூரியில் கட்டணமில்லாத ஸ்போர்ட்ஸ் சீட், இன்டர்-காலேஜ், பல்கலைக்கழக அணி, சவுத் ஜோன். நல்லா ஆடினால் கோவையில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை வரைக்கும் போகலாம். பிறகு இந்தியன் ஓவர்சீஸ் வங்கியோ, ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையோ, ரயில்வேயோ கூப்பிடுகிறதா என்று காத்திருப்பான். மாநில அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது.

22 வயதில் வேலை உத்தரவு கைக்கு வந்ததும் பல பேருடைய ஆட்டம் அங்கேயே நின்றுவிடுகிறது என்று பயிற்சியாளர்கள் அலுத்துக்கொள்வார்கள். அலுப்பு நியாயம்தான். ஆனால் அப்பா டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் நின்று கை வெந்த மனிதராக இருந்தால், மகனின் பேங்க் வேலையை 'ஆட்டத்தின் சாவு' என்று சொல்லும் துணிச்சல் எனக்கு வராது. அந்த வேலைக்காகத்தான் பையன் ஆடவே வந்தான். லீக் என்று ஒன்று நிலைத்து நடந்தால் இந்தக் கணக்கு மாறலாம். 2022-இல் தொடங்கிய ஐ.என்.பி.எல். லீகின் முதல் பருவத்தில் சென்னை ஹீட் பட்டம் வென்றது. யு.பி.ஏ. மூன்றே ஆண்டில் மூடியதைப் பார்த்த வீட்டுக்காரர்கள் அந்தப் பட்டத்தை நம்பிப் பேங்க் வேலையை விடச் சொல்லமாட்டார்கள்.

ஒன்பதாம் வகுப்பு மார்க்

சத்னத்துக்கு மூடிய கதவு மற்றவர்களுக்குத் திறந்திருக்கிறது. 2010-இல் அவரோடு ஃபுளோரிடா போனவர்களில் கவிதா அகுலா, அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் பல்கலைக்கழக அணியில் சேர்ந்தார். மொகாலியைச் சேர்ந்த அமான் சந்து, டெல்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் இருந்த என்.பி.ஏ. அகாடமியில் பயின்று, 2022-இல் நியூஜெர்சியின் மான்மவுத் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு இடம்பிடித்தார். அந்த அகாடமியிலிருந்து முதல் பிரிவுக் கல்லூரி அணிக்குப் போன முதல் பையன் அவர். அதே அகாடமியின் பிரின்ஸ்பால் சிங் வேறு வழியில் போனார். கல்லூரியைத் தவிர்த்து ஜி லீக் இக்னைட் அணியில் நேராகச் சேர்ந்தார். 2021-இல் சம்மர் லீக் பட்டம் வென்ற சாக்ரமென்டோ அணியில் இருந்தார். பிறகு நியூசிலாந்துக்கும் போய் ஆடினார்.

2021 ஜூலை 1 முதல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்கு விற்றுக் காசு பார்க்கலாம். 2025 நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கிவிட்டன. டி-லீகில் சத்னம் காலத்தில் கிடைத்த சம்பளத்தைப் பெரிய கல்லூரி அணியின் பெஞ்ச் ஆட்டக்காரன் இன்று தாண்டிவிடுவான். மாணவர் விசாவில் போகும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் காசைத் தொடுவதில் சிக்கல் இருக்கிறது. வேலை செய்யும் உரிமை அந்த விசாவில் மிகக் குறைவு.

நம் ஊரில் ஒன்பதாம் வகுப்பிலேயே ஆறடி மூன்றங்குலம் வளர்ந்து நிற்கும் பையனையோ பெண்ணையோ வைத்திருப்பவர்கள் ஒரு சங்கதியைத் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு மதிப்பெண் கணக்கைப் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து ஆரம்பிப்பதில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கேட்கும்: கணக்கு, அறிவியல், ஆங்கிலம், சமூக அறிவியல், ஆண்டு வாரியாக. நடுவில் ஓர் ஆண்டு தவறிப் பள்ளிப் படிப்பு தள்ளிப்போனாலும் கேள்வி எழுப்பும். டோர்னமென்ட் இருக்கிறது என்று காலாண்டுத் தேர்வுக்கு லீவு எழுதிக் கொடுக்கும் பழக்கம் நம் பள்ளிகளில் நெடுநாளாக உண்டு. "ஆடுற பையன், விட்டுடுங்க சார்" என்று தலைமையாசிரியரிடம் பரிந்து பேசுவதும் உண்டு. பேசுகிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் பேசுகிறார்கள். அந்தக் காலாண்டுத் தாளைத்தான் நான்கு ஆண்டு கழித்து யாரோ ஒருவர் அந்த அமைப்பின் இந்தியானாபோலிஸ் அலுவலகத்தில் உட்கார்ந்து தேடுவார்.